ஓட்டிசக் குழந்தையும் நம் குடும்ப வைத்தியரும்



குடும்ப வைத்தியர் என்னும் சொல் நகரத்தாருடைய சொல். கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே வாழும் நம் மக்களுக்கு அப்படித் தனியாக ஒருவர் வாய்ப்பது அரிது. தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் வைத்திய உதவியாளர், பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலே அன்று கடமையில் இருப்பவர், மாலை வேளையிற் கடைவீதியில் நோயாளரைப் பார்ப்பவர் ஆகிய மூவரும் சேர்ந்தே நமக்குக் குடும்ப வைத்தியர் ஆகின்றனர். லயத்துக்கு நடந்து வந்து குழந்தையை நிறுத்துப் பார்க்கும் மருத்துவ மாதையும் அவர்களோடு சேர்த்துக் கொள்ளலாம். ஒரு குழந்தைக்கு ஓட்டிசம் உண்டு என்று உறுதி செய்பவர் பெருநகரத்து நிபுணர்தாம். ஆயினும் அந்த நிபுணரிடம் குழந்தை இரண்டு வயதிற் செல்லுமா, ஒன்பது வயதிற் செல்லுமா, அல்லது செல்லாமலே நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிப்பவர் இந்த முதல் வைத்தியரே. இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

நான் வைத்தியன் அல்லன், கலைப் பட்டதாரி, ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். இப்பொருள் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே. முதலாம் தரத்திற் சேர்க்க ஐந்து வயதுக் குழந்தையைத் தாய் கைப்பிடித்து அழைத்து வரும்போது, அதற்கு முந்திய மூன்றாண்டுகளில் வைத்தியசாலையிலே நடந்ததும் நடவாததும் என் மேசைக்கு முன்னே வந்து நிற்கின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, எழுத்துக்கள் அனைத்தையும் தானே கற்றுக்கொண்டு தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாத பிள்ளை ஆகிய இவர்களைக் காணாத ஆசிரியர் இன்று மலையகத்தில் இல்லை எனலாம்.

ஓட்டிசம் என்பது தொற்று நோய் அன்று, பைத்தியம் அன்று, வளர்ப்பின் குற்றமும் அன்று. மூளை வளரும் முறையிலே பிறப்பிலிருந்தே அமைந்த ஒரு வேறுபாடு அது. பிறரோடு பார்வையாலும் சைகையாலும் சொல்லாலும் உறவாடுவது இக்குழந்தைகளுக்கு இயல்பாகக் கைவருவதில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அவர்களுக்கு நிம்மதி உண்டு. ஒளி, ஓசை, தொடுகை, மணம் ஆகியவை சிலருக்கு நம்மைக் காட்டிலும் பன்மடங்கு உறைக்கும். சிலருக்கு உறைக்கவே உறைக்காது. சிலர் வாழ்நாள் முழுவதும் பேசுவதில்லை. சிலர் பல்கலைக்கழகம் வரை படிக்கின்றனர். தமிழில் இதனை மதியிறுக்கம் என்று எழுதுவோர் உளர். அச்சொல் எனக்கு உடன்பாடன்று. மதி இறுகியவர் என்று ஒருவரைக் குறித்துவிட்டு, பிறகு அவருக்கு மதிப்புத் தருமாறு பிறரை வேண்டுவது எங்ஙனம்? ஆகையால் நம் நாட்டில் வழங்கும் ஓட்டிசம் என்னும் சொல்லையே கையாளுகின்றேன்.

எங்கோ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் அபூர்வ நிலை இது என்று எண்ணுதல் வேண்டா. 2009ஆம் ஆண்டு பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வொன்று, நம் நாட்டின் நகரஞ்சார்ந்த ஒரு பகுதியிலே பதினெட்டு மாதம் முதல் இருபத்து நான்கு மாதம் வரையுள்ள 374 குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அவ்விகிதம் இங்கும் பொருந்துமாயின், முந்நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் மூவர் இருத்தல் வேண்டும். மூவரும் பாடசாலைக்கு வந்து சேருகின்றனரா என்பது வேறு கேள்வி.

இந்நிலைக்கு மருத்துவ உலகிலே பெயர் நிலைத்த வரலாறு நம் வைத்தியர்கள் கேட்கத் தக்கது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர். அங்கு 1933இற் பிறந்த டொனால்ட் டிரிப்ளட் என்னும் சிறுவனின் தந்தை, பால்ட்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானருக்குத் தம் மகனைப் பற்றி முப்பத்து மூன்று பக்கங்களில் ஒரு கடிதம் எழுதினார். பிள்ளை எதை உண்கிறான், எதைக் கண்டு அஞ்சுகிறான், எந்தச் சொல்லை எப்போது திருப்பிச் சொல்கிறான் என்பனவெல்லாம் அதில் இருந்தன. கானர் அதனைப் பெற்றோரின் புலம்பல் என்று ஒதுக்கிவிடவில்லை. படித்தார்; சிறுவனைப் பார்த்தார்; அவனைப் போன்ற வேறு பத்துப் பேரையும் கண்டார். 1943இல் அவர் வெளியிட்ட பதினொரு குழந்தைகள் பற்றிய கட்டுரையில் முதலாவது பிள்ளை இந்த டொனால்ட்தான். தலவாக்கலைச் சாலையோரத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் தாய் முப்பத்து மூன்று பக்கங்கள் எழுதமாட்டாள். ஆனால் அத்தனை பக்கங்களுக்குரிய செய்தியும் அவள் நெஞ்சில் இருக்கின்றது. வெளிநோயாளர் வரிசையில் அவளுக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடங்களிலே அதில் ஒரு பக்கங்கூட வெளிவருவதில்லை.

டொனால்டின் பிற்கால வாழ்வும் அறியத் தக்கது. சிறுவயதில் அவனை ஊருக்கு வெளியே ஓர் உழவர் குடும்பத்தோடு வாழ விட்டனர். எதையும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருப்பது அவனுடைய இயல்பு. அந்த உழவர் அதைத் தடுக்கவில்லை. சோளக்கொல்லையை உழும்போது வரிசைகளை எண்ணச் சொன்னார். கிணறு வெட்டும்போது ஆழத்தை அளக்கச் சொன்னார். அவர் வைத்தியம் படித்தவர் அல்லர். டொனால்ட் பின்னர் கல்லூரியிற் படித்து, தம் ஊர் வங்கியிலே வேலை பார்த்து, தாமே மோட்டார் வண்டி ஓட்டி, பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, 2023இல் தமது எண்பத்தொன்பதாம் வயதிற் காலமானார். எல்லார்க்கும் இவ்வாழ்வு வாய்க்கும் என்று சொல்ல வரவில்லை. டொனால்டின் குடும்பம் வசதி படைத்தது. ஆயினும், ‘இவனால் ஒன்றும் ஆகாது’ என்று மூன்று வயதிலே தீர்ப்புரைக்க எந்த வைத்தியருக்கும் சான்று இல்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அதே காலத்து மருத்துவ உலகம் ஒரு பெருந்தீங்கையும் செய்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனமையாலே பிள்ளை இவ்வாறு ஆயிற்று என்றொரு கொள்கை மேல்நாடுகளிற் பரவிப் பல்லாயிரம் தாய்மாரைக் குற்றவாளிகளாக நிறுத்தியது. தாமே ஓர் ஓட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னாட் ரிம்லன்ட் 1964இல் எழுதிய நூல் அதனை உடைக்கத் தொடங்கியது. நம் தோட்டங்களிலே அக்கொள்கையை எவரும் படித்ததில்லை. ஆனால் அதன் உடன்பிறப்புக்கள் பல இங்கு உண்டு. கிரகணத்தில் வெளியே போனாள் என்பர்; முனி அடித்தது என்பர்; பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போனாள், அதனாலே பேச்சு வரவில்லை என்பர். மாமியார் சொல்வாள், சில வேளை கணவனும் சொல்வான். கோவிலுக்கு நேர்ந்துகொள்வதை நான் குறை கூறவில்லை. அது மனத்துக்கு ஊன்றுகோல். ஆனால் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், கணவனும் மாமியாரும் கேட்க, ‘அம்மா, இது உங்கள் குற்றமன்று’ என்று ஒரு முறை சொல்வாராயின், அச்சொல்லுக்கு மருந்தை ஒத்த வலிமை உண்டு. அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். தடுப்பூசியால் இது வந்தது என்னும் ஐயத்தையும் அந்த அரை நிமிடத்திலேயே தீர்த்துவிடலாம். அவ்வாறு கூறி 1998இல் இலண்டனில் வெளிவந்த கட்டுரையை, அதனை வெளியிட்ட இதழே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. அதை எழுதிய வைத்தியர் தொழில்புரியும் உரிமையை இழந்தார்.

இனி, காலத்திலே கண்டுகொள்ளுதல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நம் பகுதியிற் பெரும்பிழை நிகழ்வது இங்கேதான்.

நம் நாட்டிலே பதினெட்டாம் மாதத்தில் ஒரு தடுப்பூசி உண்டு. தோட்டங்களிலும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அதற்கு வருகின்றன. ஓட்டிசத்தின் முன்னறிகுறிகளைத் தேட உலகெங்கும் வைத்தியர்கள் தேர்ந்துகொண்ட வயதும் ஏறத்தாழ அதுவே. இவ்வளவு நல்ல வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? ஊசி போடுமுன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கலாம்; திரும்புகிறதா? தாய் சன்னலுக்கு வெளியே ஒன்றைக் காட்டினால் அத்திசையிலே நோக்குகிறதா? கீழே புகைவண்டி போகும்போது, அதைப் பார் என்று தாய்க்குச் சுட்டுவிரலால் காட்டுகிறதா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேண்டும் பொருளைக் கேட்பதற்காகச் சுட்டுவது வேறு. தான் கண்டு மகிழ்ந்ததைப் பிறருக்குக் காட்டுவதற்காகச் சுட்டுவது வேறு. பின்னது இல்லாதபோதே ஐயுற வேண்டும். விரலால் சுட்டாமல், தாயின் கையையே ஒரு கருவிபோற் பிடித்திழுத்துப் பொருளின்மேல் வைக்கும் பிள்ளைகளும் உளர்.

இவற்றைத் தாயிடம் சொல்லாற் கேட்டு அறிவது போதாது. மேலே குறிப்பிட்ட 2009ஆம் ஆண்டின் ஆய்விலேயே, அமெரிக்காவில் உருவான வினாப்பட்டியலைக் கொண்டு தாய்மாரைக் கேட்டபோது பல குழந்தைகள் தவறிப்போயினர். அதனைக் கண்ட பேராசிரியர் பெரேரா குழுவினர், பிற்பாடு நம் நாட்டுக் குழந்தைகளின் செயல்களைப் படங்களாகக் காட்டிக் கேட்கும் ஒரு முறையை வகுத்து 2017இல் வெளியிட்டனர். சொல்லைக் கேட்டு ‘ஆம்’ என்று விடுபவள், படத்தைப் பார்த்ததும் ‘இது அவனேதான்’ என்பாள். ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் இருக்கவேண்டிய பொருள் அது.

நம் பகுதியிலே இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு, அது மொழி. இங்கு பணிபுரியும் வைத்தியர்களிற் பலர் சிங்களம் பேசுபவர். தாய் தமிழ் மட்டும் அறிந்தவள். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் ஒரு சிற்றூழியராகவோ, வரிசையில் நிற்கும் வேறொரு நோயாளியாகவோ இருப்பார். ‘பிள்ளை பேசுகிறானா?’ என்று வைத்தியர் கேட்கிறார். ‘பேசுவான் ஐயா, டீவியில வர்ற விளம்பரமெல்லாம் அப்படியே சொல்லுவான்’ என்கிறாள் தாய். மொழிபெயர்ப்பவர் அதை ‘பேசுவானாம்’ என்று சுருக்கி விடுகிறார். தாய் சொன்னது நோயை அறிவதற்கு மிக முக்கியமான செய்தி. கேட்டதைக் கிளிபோல் திருப்பிச் சொல்வதும், தன் தேவையைத் தன் சொல்லாற் கேளாமையும் ஓட்டிசத்தின் குறிகளுள் அடங்கும். அச்செய்தி வைத்தியரின் காதுக்குச் செல்லும் வழியிலேயே இறந்துவிட்டது. ஆகையாற் பேசுகிறானா என்று கேளாமல், பசித்தால் என்ன செய்வான், அடிபட்டால் யாரிடம் ஓடுவான், உங்களை என்ன சொல்லி அழைப்பான் என்று கேட்பதே தக்கது. இக்கேள்விகள் எந்த மொழிபெயர்ப்பாளர் கையிலும் அவ்வளவாகச் சிதையமாட்டா.

அடுத்தது, ‘ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும், பொறுத்திருங்கள்’ என்னும் ஆறுதல். அன்போடு சொல்லப்படும் இவ்வாக்கியம் நம் பகுதியிற் பல பிள்ளைகளின் பொன்னான ஆண்டுகளை விழுங்கியிருக்கின்றது. இரண்டு வயதிலே சொல் வராத குழந்தைக்கு முதலிற் செவிப்புலனைப் பரிசோதிக்க வேண்டும். அதே நாளில் நிபுணருக்குக் கடிதமும் எழுதிக் கொடுக்க வேண்டும். பொறுத்திருந்து பார்ப்பதாயினும் கடிதத்தோடு பொறுத்திருக்கலாமே! அந்தக் கடிதமும் விளக்கமாக இருத்தல் நன்று. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலைக்கோ, றாகமையில் உள்ள அயதி நிலையத்துக்கோ பிள்ளையைக் கொண்டு போவதென்றால், தாய்க்கும் தந்தைக்கும் அன்றைய பேர் போய்விடும், வழிச்செலவு கைக்கடனாகும், இரைச்சலும் நெருக்கமும் தாங்காத பிள்ளையோடு மணிக்கணக்காகப் பயணஞ் செய்யவேண்டும். அத்துணை இடருக்குப் பின் ஒரு துண்டுச்சீட்டு போதாமையால் இன்னொரு நாள் வரும்படி திருப்பி அனுப்பப்படும் குடும்பம் மூன்றாம் முறை போகாது.

போய் வந்த பிறகு என்ன பயன் என்று கேட்போரும் உளர். பயன் உண்டு. தாய்க்கே பயிற்சி தந்து வீட்டிலேயே பிள்ளையோடு நாள்தோறும் விளையாட்டாகப் பழகச் செய்யும் முறையால் குழந்தைகள் முன்னேறியதை நம் நாட்டு வைத்தியர்களே ஆராய்ந்து 2016இல் எழுதியுள்ளனர். கருவிகள் வேண்டா, பெருஞ்செலவு வேண்டா. மலையிலிருந்து களைத்து வரும் தாய்க்கு நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை எண்ணி, பாட்டியையும் மூத்த அக்காளையும் பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளரையும் அப்பயிற்சியிற் சேர்த்துக்கொள்ளுமாறு சொல்லவேண்டியவர் உள்ளூர் வைத்தியர்தாம். ஓட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து ஒன்றும் இல்லை என்பதையும் அவரே சொல்லவேண்டும். இல்லையேல் அந்த வெற்றிடத்திலே பொடியும் தைலமும் விற்போர் வந்து புகுந்துகொள்வர்.

இதுவரை ஓட்டிசத்தைக் கண்டுகொள்வது பற்றிப் பேசினேன். ஓட்டிசம் உடையவருக்கு மற்ற நோய்கள் வரும்போது நடப்பது அதனினும் கவலைக்குரியது. எனக்குத் தெரிந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், பேச்சு இல்லாதவன், அமைதியானவன். ஒரு நாள் திடீரெனத் தன் கையைக் கடிக்கவும் சுவரிலே தலையை மோதவும் தொடங்கினான். மூன்று முறை வைத்தியரிடங் கொண்டு சென்றனர். மூன்று முறையும், இப்பிள்ளைகள் அப்படித்தான் என்ற விளக்கமும், உறக்கம் தரும் மருந்துமே கிடைத்தன. நான்காம் முறை பார்த்தவர் அண்மையிற் படித்து வெளியேறிய ஒரு வைத்தியப் பெண்மணி. தமிழ் அதிகம் அறியாதவர். அவர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்ந்தார். கைவிளக்கைச் சிறுவனிடம் கொடுத்துத் தம் வாயைத் திறந்து காட்டினார். அவன் நெடுநேரம் அவர் பற்களைப் பார்த்தான். பின்பு தன் வாயைத் திறந்தான். கடைவாய்ப் பல் ஒன்றின் அடியில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்தபின் நான்காம் நாள் அவன் வகுப்புக்கு வந்துவிட்டான்.

வலியை வலி என்று சொல்லத் தெரியாதவரின் மொழி அவருடைய நடத்தை. நடத்தை திடீரென மாறுமாயின் பல், காது, தொண்டை, வயிறு, மலச்சிக்கல், எலும்பு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே மனத்துக்கு வரவேண்டும். வலிப்பு நோயும் இவர்களிடையே மற்றவரினும் மிகுதி. சில கணங்கள் வெறித்துப் பார்ப்பதையும் அசட்டை செய்தல் கூடாது. சுவீடன் தேசத்திலே பல்லாயிரவரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டிசம் உடையவர்கள் மற்றவரைக் காட்டிலும் சராசரியாகப் பதினாறு ஆண்டுகள் முன்னதாக இறந்ததாகக் கண்டது. சிறந்த மருத்துவ வசதியுள்ள நாட்டின் கணக்கு இது.

மருந்தக அறையிலே செய்யத்தக்க மாற்றங்கள் எளியன. கூட்டம் சேருமுன் முதல் இலக்கத்தை இப்பிள்ளைக்குக் கொடுக்கலாம். அல்லது வெளியே மரத்தடியிற் காத்திருக்க விட்டு, முறை வந்ததும் ஆளனுப்பி அழைக்கலாம். இதயத்துடிப்பைக் கேட்கும் குழாயை முதலிலே தாயின் மார்பில் வைத்துக் காட்டிவிட்டுப் பிறகு பிள்ளையின்மேல் வைக்கலாம். தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுவது நன்று. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துதல் வேண்டா. கண்ணைப் பாராமலே அவர்கள் நன்றாகக் கேட்கின்றனர். ஒரு வினாவைக் கேட்டபின் மௌனமாகச் சற்றுக் காத்திருந்தால் விடை வரும். அந்த இடைவெளியை இரண்டாம் வினாவால் நிரப்பினாற் போச்சு. பொய் சொல்லி ஊசி போட்டால், அடுத்த பத்தாண்டுகளுக்கு அப்பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்காது.

பெரியவர்களை மறந்துவிடுகிறோம். இன்று நாற்பது, ஐம்பது வயதாகி, எந்த வைத்தியராலும் பெயரிடப்படாமல், ‘ஒரு மாதிரியான ஆள்’ என்ற பட்டத்தோடு மலையில் வேலை செய்பவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. நிரையைத் துல்லியமாகப் பிடித்துக் கவ்வாத்து வெட்டுவார், எவரோடும் பேசமாட்டார், மருந்தகத்துக்கு வரவும் மாட்டார். வந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போய்விடுவார். அவருடைய ‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்லை அப்படியே ஏற்காமல், இங்கே வலிக்கிறதா, நேற்றிரவு உறங்கினீர்களா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கவேண்டும். பெண்களின் நிலை இன்னும் மறைவானது. அடக்கமான பெண் என்ற புகழுக்குள்ளே அவர்களுடைய துன்பம் ஒளிந்துகொள்கின்றது.

பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இல்லாதிருப்பதும் ஒரு குறை. வைத்தியரின் கடிதம் கையிலிருந்தால், மணியோசை அண்டாத மூலையில் ஓர் இருக்கை தருவதற்கும், விசேட கல்வி அலகில் இடங்கேட்பதற்கும், பிற்காலத்திற் பரீட்சையிலே சலுகை வேண்டி விண்ணப்பிப்பதற்கும் அதிபருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். மறுபுறம், நாளில் ஆறு மணி நேரம் பிள்ளையோடிருக்கும் ஆசிரியர் அறிந்தவை வைத்தியருக்கு வேண்டியவை.

அமெரிக்காவிலே ஓட்டிசம் உடையவர்களும் ஆராய்ச்சியாளரும் கூடி, நோயாளி தம்மைப் பற்றிய குறிப்புக்களை வைத்தியருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் படிவம் ஒன்றை ஆக்கியிருக்கின்றனர். நமக்கு அத்துணை விரிவு வேண்டியதில்லை. ஓர் அரைத்தாள் போதும். தாய் சொல்ல ஆசிரியர் எழுதலாம். எதிர்ப்பக்கத்தில் அதையே சிங்களத்திலும் எழுதிவிடலாம். எவ்வாறு பேசுகிறான், அல்லது எதனாற் காட்டுகிறான்; வலித்தால் என்ன செய்வான்; எவ்வோசைக்கு அஞ்சுவான்; உடம்பில் எங்கே தொட்டாற் பொறுக்கமாட்டான்; அழும்போது எது அமைதி தரும்; இதுவரை எம்மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வாறு விடைகளே எழுதப்படல் வேண்டும். அந்த அரைத்தாளைப் பிள்ளையின் கிளினிக் கார்டினுள்ளே ஒட்டிவிட்டால், அன்று கடமையில் இருப்பவர் யாராயினும், பிள்ளை அறைக்குள் வருமுன்னே அதைப் படித்துவிட இயலும்.